7 அடிப் போவாவின் பெட்டி: கூரையில் கொதிக்கிறது, தரையில் குளிர்கிறது

ஈரமண் (கேள்வி)

வணக்கம். லண்டனில் வளரும் பெண் போவா இம்பரேட்டர் பாம்பு ஒன்றுக்காகக் கேட்கிறேன். நீளம் 7 அடி, எடை 6 கிலோ. பழைய 4 அடிப் பெட்டியிலிருந்து இந்தக் குளிர்காலத்தில்தான் பெரிய பெட்டிக்கு மாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து எதுவும் சரியாக அமையவில்லை.

பெட்டி 240 × 120 × 120 செ.மீ. 18 மி.மீ. பிளைவுட், முன்பக்கம் முழுக்க 6 மி.மீ. சறுக்குக் கண்ணாடிக் கதவுகள். வலது மூலையில் கூரையிலிருந்து 150 வாட் செராமிக் ஹீட்டர் இரண்டு, கம்பிக் கூடு போட்டுத் தொங்குகின்றன. இரண்டும் ஒரே ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டில் (வெப்பக் கட்டுப்படுத்தி), 32 டிகிரிக்கு வைத்தது. அதன் சிவப்பு விளக்கு இரவெல்லாம் அணைவதேயில்லை. பின்சுவரின் மேற்பகுதியில் 60 × 10 செ.மீ. அளவில் வலை போட்ட காற்றுவழி இரண்டு, கீழே 5 செ.மீ. வட்டத் துளை நான்கு. தரையில் 4 செ.மீ. ஆஸ்பென் மரச்சீவல். குளிர்ந்த பக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

அளவுகள்: அறை பகலில் 18 டிகிரி, இரவில் 15. பெட்டிக்குள் இரவில் கூரையை ஒட்டி 31, வலப்பக்கத் தரை 24, இடப்பக்கத் தரை 19. பகலில் எல்லாம் 3 டிகிரி கூடும். ஈரப்பதம் 32 முதல் 35 சதவீதம்.

பாம்பு தரையில் தங்குவதில்லை. ஏறிப்போய் ஹீட்டரின் கம்பிக் கூட்டைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கிறது. சட்டை இரண்டு முறையும் துண்டு துண்டாகத்தான் உரிந்தது. போன வாரம் கொடுத்த எலியை நான்காம் நாள் கக்கிவிட்டது.

150-ஐ எடுத்துவிட்டு 250 வாட் செராமிக் இரண்டு போடலாமா? அல்லது தரைக்கு அடியில் பெரிய ஹீட் மேட் ஒன்று விரிப்பதா? ஈரப்பதத்துக்காகத் தரை முழுக்க 15 செ.மீ. மண் கொட்டவும் யோசனை இருக்கிறது.

---

கருங்காலி

மற்றதெல்லாம் பிறகு. இன்றிரவே பாம்பை அந்தக் கம்பிக் கூட்டிலிருந்து இறக்குங்கள். செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். வெளிச்சம் வராததால் எவ்வளவு சூடு என்பது கண்ணுக்குத் தெரியாது. கூட்டைச் சுற்றிக் கிடந்தால் உடலுக்கும் ஹீட்டருக்கும் இடையே இருப்பது சில சென்டிமீட்டர்தான். உடலின் உட்பகுதி குளிர்ந்திருக்கும்வரை பாம்பு சூட்டைவிட்டு நகராது, தோல் வெந்துகொண்டிருந்தாலும். இதை நம்ப மறுப்பவர்கள் நிறைய. தீக்காயத்தோடு மருத்துவரிடம் வரும் வளர்ப்புப் பாம்புகளில் பல இந்த வகைதான்.

டார்ச் வெளிச்சத்தில் வயிற்றுச் செதில்களை ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். பழுப்பேறியோ, சிவந்தோ, விளிம்பு சுருண்டோ, கொப்புளமாகவோ இருந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். தீக்காயம் முதல் சில நாள் லேசாகத்தான் தெரியும், ஆழம் பிறகுதான் வெளிப்படும். புதிய ஏற்பாடு முடியும்வரை பழைய 4 அடிப் பெட்டியிலேயே இருக்கட்டும். இடம் குறைவுதான், ஆனால் சூடு சரியாக இருக்கும்.

250 வாட் செராமிக் வேண்டாம். கூரை இன்னும் கொதிக்கும், பாம்பு அதைத் தேடி இன்னும் மேலே ஏறும், தரை அந்த அளவுக்குச் சூடேறாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து 14.4 சதுர மீட்டர். அதில் கண்ணாடி 2.88, பிளைவுட் 11.52. 18 மி.மீ. பிளைவுட் வழியாக, உள்ளேயும் வெளியேயும் 1 டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 2.5 வாட் வெளியேறும். கண்ணாடியில் சுமார் 3.75. ஆக, பிளைவுட்டில் 28.8, கண்ணாடியில் 10.8, காற்றுவழியில் மணிக்கு ஒரு தடவை முழுக் காற்றும் மாறுவதாக வைத்தால் 1 வாட் சொச்சம். மொத்தம் டிகிரிக்கு 41 வாட். உங்களிடம் இருப்பது 300 வாட். 300-ஐ 41-ஆல் வகுத்தால் 7 டிகிரி சொச்சம். அறை 15 என்றால் பெட்டியின் சராசரி 22 அல்லது 23. நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுவே. தெர்மோஸ்டாட்டின் விளக்கு அணையாததற்குக் காரணமும் இதுவே: ஹீட்டர் முழு மூச்சாக ஓடியும் போதவில்லை.

அந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது, சூடு ஓடுவது காற்றுவழியில் இல்லை, சுவரில். அதனால் காசைச் செலவழிக்கவேண்டிய இடம் ஹீட்டர் இல்லை, சுவர்.

ஃபாயில் ஒட்டிய 25 மி.மீ. பிஐஆர் இன்சுலேஷன் போர்டு (சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப்பலகை) வாங்கி, பின்பக்கம், இரு பக்கவாட்டு, கூரை, தரை ஐந்துக்கும் வெளிப்புறமாக ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பாம்பு பெயர்த்துவிடும், இடுக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இணைப்புகளை அலுமினிய டேப்பால் மூடுங்கள். தரைக்கு மட்டும் போர்டின்மேல் பெட்டியை நேராக உட்கார வைக்காமல், சட்டங்கள் வைத்து அவற்றின் இடைவெளியில் போர்டைப் பொருத்துங்கள். எடையைச் சட்டம் தாங்கட்டும். கூரையில் ஹீட்டர் வயர் வெளிவரும் துளையைச் சுற்றி 15 செ.மீ. அளவுக்கு இன்சுலேஷன் வேண்டாம், அந்த இடம் மூச்சுவிட வேண்டும்.

இதற்குப் பிறகு பிளைவுட் வழியாகப் போவது டிகிரிக்கு 28.8 வாட்டிலிருந்து 7.5-க்கு இறங்கும். மொத்தம் 41 என்பது 20-க்குள் வந்துவிடும். இதே 300 வாட் இரண்டு மடங்கு வேலை செய்யும். 10 டிகிரி வித்தியாசத்தைத் தாங்க 200 வாட்டுக்கு மேல் மிச்சம், ஒரு நாளைக்கு 5 யூனிட் மின்சாரம். குளிர்கால இரவுகளில் கண்ணாடிக்கு முன்னால் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கீழ்த் துளைகளை மட்டும் மறைக்காதீர்கள்.

---

செங்கீரி

கருங்காலி அண்ணா சொன்ன சுவர்க் கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் இன்சுலேஷன் மட்டும் போட்டால் கூரை-தரை வித்தியாசம் தீராது. உயரமான பெட்டியில் அதற்கு மருந்து பரண்.

ஹீட்டருக்கும் தரைக்கும் இடையே இப்போது ஒரு மீட்டருக்கு மேல் இருக்கிறது. சிறிய சூட்டுமூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் உடலில் விழும் கதிர் கால் பங்காகிவிடும். 110 செ.மீ. தூரத்தை 40 ஆக்கினால் ஏறக்குறைய 7.5 மடங்கு கூடும். தரையைச் சூடாக்க முயலாதீர்கள். பாம்பைச் சூட்டுக்கு அருகே, ஆனால் தொடமுடியாத தூரத்தில் படுக்க வையுங்கள்.

வலப்பக்கத்தில் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்தில் ஒரு பரண். 18 மி.மீ. பிளைவுட், விளிம்பில் 4 செ.மீ. உயரத்துக்குச் சட்டம். மேலே 1 செ.மீ. கனத்தில் ஸ்லேட் கல், சிலிக்கோனால் ஒட்டியது. ஒட்டாமல் வைத்த கல்லைப் பாம்பு அடியில் தலைவிட்டுத் தள்ளி விழவைக்கும். கல் பாம்பின்மேலேயே விழும். பரணைத் தாங்கும் எல்-கிளாம்புகளுக்கு ஸ்க்ரூ போதாது. சுவரின் வெளியே வாஷர் வைத்த போல்ட் போடுங்கள். 6 கிலோ என்றாலும், அது ஒரு முனையில் தொங்கிக்கொண்டு இழுக்கும்போது கிளாம்பில் விழும் விசை அதைவிடக் கூடுதல்.

பரணுக்கு ஏறத் தடித்த கிளைகள், குறைந்தது 6 முதல் 8 செ.மீ. விட்டம். ஓக், பீச், ஹேசல் நல்லவை. பைன் பிசினும் சிடார் எண்ணெயும் ஆகாது. கிளைகளையும் வெளியிலிருந்து போல்ட்டால் இறுக்குங்கள்.

இனி சூடு. பெரிய பாம்புகளுக்கு அடிக்கடி நடக்கும் தவறு, ஒற்றை பல்பில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பது. ஒரு பல்பின் சூடு விழுவது சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தில். 7 அடிப் பாம்பு சுருண்டு படுத்தால் 40, 45 செ.மீ. இடம் பிடிக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒரு மடிப்பு மட்டும் 45 டிகிரிக்குப் போகும், மீதி உடல் 25-இல் கிடக்கும். உடல் முழுக்கச் சூடேறும்வரை அது நகராது. அதே மடிப்பு வெந்துபோகும். வாட் கூடிய ஒன்றைவிட, குறைந்த வாட் மூன்றைப் பரப்பி வைப்பதே சரி. வெயில்காயும் இடம், சுருண்ட பாம்பைவிடப் பெரியதாக இருக்கவேண்டும்.

75 வாட் ஹாலோஜன் ஃப்ளட் பல்ப் மூன்று, 25 செ.மீ. இடைவெளியில் முக்கோணமாகப் பொருத்துங்கள். ஸ்பாட் வகை வேண்டாம், கதிரைக் குவித்துவிடும். கம்பிக் கூட்டின் அடிப்பாகத்துக்கும் பாம்பின் முதுகுக்கும் இடையே 35, 40 செ.மீ. இருக்கட்டும். பகலில் மட்டும்: குளிர்காலத்தில் 10 மணி நேரம், கோடையில் 12. ஹாலோஜன் தரும் குட்டை அகச்சிவப்பு தசைக்குள் இறங்கும். செராமிக் தரும் நெடிய அகச்சிவப்பு தோலிலேயே நின்றுவிடும். சூரியனுக்குக் கிட்டத்தில் இருப்பது முன்னது.

இரவுக்கு ஒளி இல்லாத சூடு: 100 வாட் ரேடியன்ட் பேனல் (கதிராகச் சூடு வீசும் தட்டை ஹீட்டர்) இரண்டு, கூரையில் தட்டையாக, ஒன்று பரணுக்குமேல், ஒன்று நடுவில். அவற்றில் சுற்றிக்கொள்ள எதுவும் இல்லை, மேற்பரப்பும் செராமிக்கைப்போலக் கொதிக்காது. இன்சுலேஷன் போட்ட பெட்டியில் 200 வாட் 15 டிகிரி அறையிலிருந்து 24-க்கு ஏற்றும். இரவுக்கு அதுவே போதும். சிவப்பு, நீல "இரவு பல்ப்" எதையும் போடாதீர்கள். பாம்புக்கு அது தெரியும்.

நீங்கள் எட்டவேண்டிய அளவுகள்: பரண் கல்லின் மேற்பரப்பு 33 முதல் 35, சூட்டுப் பக்கக் காற்று 29, 30. குளிர்ந்த பக்கத் தரை 25, 26. இரவில் எங்கும் 23-க்குக் கீழே போகக் கூடாது.

ஹீட் மேட்டை மறந்துவிடுங்கள். சிறிய பாம்புக்கு அது வேறு விஷயம். 6 கிலோ உடல் மேட்டின்மேல் படுத்தால் அங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். சென்சார் ஒரு அடி தள்ளி இருந்தால் அதற்கு 31 டிகிரிதான் தெரியும், வயிற்றுக்கு அடியில் 45-ஐத் தாண்டியிருக்கும். மேலே தடித்த படுகை போட்டால் பாம்புக்குச் சூடும் வராது, அடியில் மரம்தான் கருகும்.

யூவிபி (புற ஊதா-பி கதிர்) கட்டாயம் இல்லை என்றாலும் கொடுப்பது நல்லது. 6 சதவீத டி5 குழல் ஒன்று, சூட்டுப் பக்கப் பாதிக்கு மட்டும். நிழலுக்கு ஒதுங்க இடம் வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துவிடும்.

---

மின்னற்கொடி

வயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். வீடு எரிவதும் பாம்பு வேகுவதும் இங்கேதான் நடக்கும்.

ஹாலோஜனுக்கு டிம்மிங் தெர்மோஸ்டாட் (மின்சாரத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைப்பது). ஆன்-ஆஃப் போட்டால் விளக்கு நாள் முழுக்க அணைந்து எரிந்து இழை சீக்கிரம் அறுந்துவிடும், பாம்பும் மிரளும். மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பல்ஸ் வகையையும் பல்புக்குப் போடாதீர்கள். ரேடியன்ட் பேனலுக்குப் பல்ஸ் தெர்மோஸ்டாட் பொருத்தம். ஆக இரண்டு கட்டுப்பாடு, இரண்டு சென்சார். ஒரே தெர்மோஸ்டாட்டில் பல்பையும் பேனலையும் சேர்த்துக் கட்டினால், பல்ப் பரணைச் சூடாக்கியதும் பேனலும் அடங்கிவிடும், குளிர்ந்த பக்கம் மறுபடி 19-க்குப் போகும்.

டிம்மரின் சென்சார் பரண் கல்லின்மேல், மூன்று பல்பின் நடுவட்டத்தின் ஓரத்தில். பேனலின் சென்சார் சூட்டுப் பக்கச் சுவரில், தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், பரணின் நிழலில், காற்றில் நிற்கும்படி. பகலில் 28, இரவில் 24. இரண்டு வயரையும் 10 செ.மீ.க்கு ஒரு கிளிப் வைத்து அடியுங்கள். டேப் கூடாது. டேப்பின் பசை பாம்பின் செதிலில் ஒட்டி உரிந்துவரும். சென்சார் பிடுங்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் தெர்மோஸ்டாட் "20 டிகிரிதான்" என்று நினைத்து முழுச் சக்தியில் ஓட்டிக்கொண்டேயிருக்கும். பெரிய பாம்புகள் இந்த வயர்களைத்தான் முதலில் பிடுங்கும்.

அதோடு, டிம்மிங், பல்ஸ் தெர்மோஸ்டாட்டுகளுக்குள் இருக்கும் டிரையக் (மின்னணு ஸ்விட்ச்) கெட்டுப்போகும்போது பெரும்பாலும் "ஆன்" நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அணைவதில்லை. எனவே இரண்டாவது காவல் வேண்டும். உங்களிடம் இருக்கும் பழைய ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதையே உச்சவரம்புக் காவலாக்குங்கள். வரிசை இப்படி: சுவர் பிளக், ஆன்-ஆஃப், அதன்பின் டிம்மரும் பல்ஸும், கடைசியில் பல்பும் பேனலும். ஆன்-ஆஃப் முதலில்தான் வரவேண்டும். டிம்மருக்குப் பின்னால் வைத்தால் வெட்டுப்பட்ட மின்சாரத்தில் அது ஒழுங்காக இயங்காது. அதன் சென்சாரைப் பரணின் எதிர்மூலையில் கூரையை ஒட்டிப் பொருத்தி, வழக்கமான நாளில் அந்த இடம் தொடும் உச்சத்தைவிட 3 டிகிரி கூட்டி வையுங்கள்.

பல்ப் 225, பேனல் 200, குழல் 40 வாட்டுக்குள். மொத்தம் 465 வாட், 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் சொச்சம். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். அதற்குள் வரும் வயர் சிலிக்கோன் உறை போட்டது. சாதாரணப் பிவிசி வயர் ஹீட்டர் ஹோல்டரில் ஓரிரு வருடத்தில் காய்ந்து வெடிக்கும். பழைய செராமிக்கைக் கழற்றும்போது வயரை வளைத்துப் பாருங்கள், மொறுமொறுத்தால் இனி அதைத் தொடவேண்டாம். வெளியே வரும் வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறட்டும். தண்ணீர் வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாத சாக்கெட்டில் இதை மாட்டாதீர்கள்.

---

நீர்க்கட்டு

ஈரப்பதத்துக்கு வருகிறேன். 32 சதவீதம் என்பது உங்கள் பெட்டி கெட்டது என்பதால் இல்லை, குளிர்நாட்டுக் குளிர்காலத்தின் இயல்பே அது. அறைக் காற்று 17 டிகிரியில் 50 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 7 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் 23 சதவீதமாகச் சரியும். நீராவி எங்கேயும் போகவில்லை, சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவே.

போவாவுக்கு 55 முதல் 70 வேண்டும். 27 டிகிரியில் 60 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 15 கிராம். அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் நீங்கள் 8 கிராம் சேர்க்கவேண்டும். பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 3.5 கன மீட்டர். மணிக்கு ஒரு தடவை காற்று மாறினால் நாளொன்றுக்கு 700 மி.லி. தண்ணீர். ஆனால் மேலே 1,200 சதுர செ.மீ. திறப்பு, கீழே துளை. இது புகைபோக்கி மாதிரி இழுக்கும். மணிக்கு மூன்று நான்கு தடவை மாறினால் நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் ஆவியாகியே தீரவேண்டும். தெளிப்பானால் அதை எட்டமுடியாது.

மேல் காற்றுவழியை அக்ரிலிக் பட்டையால் மூன்றில் இரண்டு பங்கு மூடுங்கள், நகர்த்தக்கூடியதாக. முழுக்க அடைக்காதீர்கள். காலையில் கண்ணாடியின் கீழோரத்தில் கொஞ்சம் பனித்திருப்பது பரவாயில்லை. மதியம்வரை அது காயாமல் நின்றால் ஒரு விரற்கடை திறந்துவிடுங்கள். தேங்கிய ஈரக் காற்றும் குளிரும் சேர்ந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று வரும்: மூச்சில் சீழ்க்கை, வாய் ஓரத்தில் நுரை, தலையை நிமிர்த்தியே வைத்திருப்பது. சூடும் ஈரமும் சேர்ந்து கூடவேண்டும். குளிர்ந்த பெட்டியை நனைக்காதீர்கள்.

மண் விஷயம். தரை முழுக்க 15 செ.மீ. என்றால் 432 லிட்டர். ஈர மண் லிட்டருக்கு 1.2 கிலோவுக்குக் குறையாது. 500 கிலோவுக்கு மேல்! பெட்டி, கண்ணாடி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 700 கிலோவை நெருங்கும். பிரிட்டனில் வீட்டின் மரத்தளம் வழக்கமாகக் கணக்கிடப்படுவது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்குத்தான். உங்கள் பெட்டியின் கீழ் 240 வரும். அறை மாடியில் இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் கான்கிரீட் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மாற்று வழி: தரை முழுக்க 6 செ.மீ. ஆர்க்கிட் செடி வளர்க்கப் பயன்படும் மரப்பட்டைத் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து. 170 லிட்டர் வரும், எடை 50 கிலோ அளவே. ஆஸ்பெனை முழுவதுமாக அள்ளிவிடுங்கள், ஈரம் பட்டதும் பூஞ்சை பிடிக்கும். மண்ணை ஒரு தொட்டியில் மட்டும் வையுங்கள்: 80 × 50 செ.மீ., 15 செ.மீ. ஆழம், 60 லிட்டர். உரமோ பெர்லைட்டோ கலக்காத மேல்மண் 5 பங்கு, தேங்காய் நார்த்தூள் 3, விளையாட்டு மணல் 2. தண்ணீரைத் தெளிக்காதீர்கள், மூலைகளில் ஊற்றுங்கள். அடியில் ஈரமும் மேலே காய்ந்தும் இருக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மேற்பரப்பு எப்போதும் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும்.

பரணுக்கு அடியில் ஈரப் பொந்து ஒன்று: 60 × 40 × 25 செ.மீ. மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் 15 செ.மீ. துளை, விளிம்பைத் தேய்த்து மழுக்கியது. உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி. பெட்டியின் காற்று 50-க்கு இறங்கினாலும் இதற்குள் 85 இருக்கும். சட்டை உரிக்குமுன் கண் நீலம் பூத்ததும் பாம்பு தானே உள்ளே போய்ப் படுக்கும். குளிர்ந்த பக்கத்தில் இன்னொரு பொந்து, உலர்ந்தது. இரண்டும் இறுக்கமாக, முதுகு மேலே தொடும் அளவில் இருக்கட்டும். விசாலமான பொந்து பாம்புக்குப் பொந்தே இல்லை.

இப்போது ஒட்டியிருக்கும் சட்டைக்கு: 28 முதல் 30 டிகிரி தண்ணீர், உடலின் பாதி உயரம், 30 நிமிடம். பிறகு ஈரத் துண்டுக்குள் நுழைந்து வெளியேறவிடுங்கள். கண்ணின்மேல் பழைய சட்டையின் மூடி தங்கியிருந்தால் நகத்தாலோ டேப்பாலோ எடுக்காதீர்கள். அடுத்த உரிப்பில் வரும், வராவிட்டால் மருத்துவர்.

கக்கிய பாம்புக்கு உடனே இன்னொரு எலி கொடுக்கவே கூடாது. இரைப்பையின் அமிலமும் குடலின் நுண்ணுயிரும் மீள நாளாகும். மூன்று வாரம் இடைவெளி, பிறகு வழக்கத்தில் பாதி எடை. அதுவும் பரண் கல் தொடர்ந்து ஒரு வாரம் 33-க்குக் குறையாமல் நின்ற பிறகு. 24 டிகிரித் தரையில் விழுங்கிய எலி செரிக்காமல் உள்ளேயே அழுக ஆரம்பித்ததால்தான் கக்கியது. திரும்பக் கக்கினால் காத்திருக்காமல் மலப் பரிசோதனை.

---

வெயில்நகர்

கோவையிலிருந்து படிக்கிறேன். இங்கே வெளியே 38 போகும்போது இதே பெட்டி எப்படி இருக்கும்? இங்கே போவா வைக்க முடியுமா?

---

கருங்காலி

@வெயில்நகர்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க முடியாது, குற்றம். மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. வெளிநாட்டு இனங்களில் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். போவா அந்தப் பட்டியலின் இரண்டாம் இணைப்பில் வரும். உரிய தாள் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். வெப்பம் உங்கள் ஊரில் தலைகீழ்ப் பிரச்சினை: குளிர்ந்த பக்கம் 32-ஐத் தாண்டாமல் காப்பதுதான் முழு வேலையும். அதே இன்சுலேஷன் அங்கேயும் உதவும், ஆனால் அறைக்குக் குளிர்ச்சி இருந்தால் மட்டும்.

---

ஈரமண்

எல்லாருக்கும் நன்றி. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து செதில் பழுப்பாக இருக்கிறது, நாளை மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. பழைய பெட்டிக்கு மாற்றியாயிற்று. இரண்டு சந்தேகம். பெட்டியின் உட்புறம் இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை, எதை அடிப்பது? இரண்டாவது, ஈரப்பதமானி இரண்டு இருக்கிறது, ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று 34, இன்னொன்று 47 காட்டுகிறது. எதை நம்புவது?

---

செங்கீரி

தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (வாட்டர்-பேஸ்டு) பாலியூரித்தேன் வார்னிஷ், மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. வெட்டு விளிம்புகளுக்கு நான்காவது பூச்சும் கொடுங்கள், பிளைவுட் தண்ணீர் குடிப்பது அங்கேதான். மூலைகளில் பூஞ்சைக்கொல்லி சேர்க்காத மீன்தொட்டிச் சிலிக்கோன். குளியலறைச் சிலிக்கோன் ஆகாது. பிறகு பல்பையும் பேனலையும் முழுச் சூட்டில், பாம்பு இல்லாமல், இரண்டு வாரம் ஓடவிடுங்கள். கதவை ஒரு இரவு மூடிவைத்துக் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். துளி வாசனை வந்தாலும் இன்னும் ஒரு வாரம். அந்த இரண்டு வாரத்திலேயே கல், காற்று, குளிர்ந்த பக்கம் மூன்றையும் காலை, மதியம், நள்ளிரவு என எழுதி வையுங்கள். டெம்பரேச்சர் கன் மேற்பரப்பை மட்டும்தான் காட்டும், காற்றுக்குச் சென்சார் வைத்த வெப்பமானி வேண்டும். கண்ணாடி வழியாக கன்னைக் காட்டினால் கண்ணாடியின் சூடுதான் வரும், கதவைத் திறந்து அளந்து பாருங்கள்.

---

நீர்க்கட்டு

இரண்டையும் நம்பாதீர்கள், உப்பை நம்புங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் மாதிரி ஆக்குங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. மூடியையும் இரண்டு மானியையும் ஒரே ஜிப் பைக்குள் வைத்து, உப்பு மானியில் படாமல் மூடி, அறையில் சூடு மாறாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்கள். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். பை திறக்காமல் வெளியிலிருந்தே படியுங்கள். ஒன்று 68 காட்டினால் அதற்கு எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள், மேலே மார்க்கரால் "+7" என்று எழுதிவிடுங்கள். 10-க்கு மேல் தள்ளி நின்றால் அந்த மானி வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யவேண்டும், ஈரமான பெட்டியில் அவற்றின் சென்சார் மெல்ல நழுவும்.